நாலரை இஞ்ச் சுவர்

சுவர் சில்லென்றுதான் இருக்கிறது. கொஞ்சம் குறைந்த மாதிரி தோன்றுவது என் முதுகின் பிரமையாக இருக்கும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தால் முதலில் சொர்க்கம், அப்புறம் பழகிவிடும், பழகியதும் போதவில்லை என்று சிணுங்க ஆரம்பிக்கும், முதுகும் மனுஷ ஜாதிதானே. கத்திரி வெயில், வேலூர், சாப்பிட்ட தயிர்சாதம் வயிற்றுக்குள் போய் மறுபடி ஒரு தடவை புளிக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் சுற்றி நிற்கிற மொட்டை மலையெல்லாம் சேர்ந்து உள்ளே ஊதுகிறது. இந்த வீட்டில் மனிதன் உட்காரக்கூடிய இடம் நடு ரூமில் இந்தச் சுவரை ஒட்டி ஒரு பாய் அகலம் மட்டும்தான். இந்தச் சில்லிப்பு எனக்குச் சொந்தமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கிழக்கு இருக்கிறான், அது அவனுடைய படுக்கையறை, காலையிலிருந்து ராத்திரி வரை அங்கே ஏசி ஓடுகிறது, அந்தக் குளிர் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் கசிகிறது, கசிவதை நான் முதுகால் வாங்கிக்கொள்கிறேன். கிழக்கு என்றால் ஏகாம்பரம், என் கூடப் பிறந்தவன், எனக்கு மூத்தவன். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிழக்குப் பாகம், மேற்குப் பாகம் என்று எழுதியிருந்தது, அன்றைக்கே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன், வசதியாக இருந்தது, அண்ணன் என்று சொல்ல வேண்டாம், பேரையும் சொல்ல வேண்டாம். இப்போதெல்லாம் இப்படித்தான் பேச்சு: கிழக்கு இன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. கிழக்குக்கு செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது, நல்லா வேணும். மேற்கு நான், தணிகாசலம், ஆயுசு பூராவும் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன். வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் போகும், சார் குளிர்ச்சின்னு ஒண்ணு கசியவே கசியாது என்று என் மாணவன் எவனாவது இப்போது கையைத் தூக்கினால் உட்காருடா என்பேன். எனக்குத் தெரியும். என் வெப்பம்தான் அவன் அறைக்குள் போகிறது. அதை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

வீட்டைப் பிரித்தபோது கூடத்தை நடுவில் வெட்டிச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. கொத்தனார் ஒன்பது இஞ்ச் சுவர் என்றார், அதுதான் சுவர், நாலரை என்பது வெறும் தடுப்பு, பேசினால் கேட்கும், ஆணி அடித்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் என்றார். ஒன்பது இஞ்ச் என்றால் ஆளுக்குப் பாதி இடம் விட வேண்டும். நான் எதுக்கு உட்றது, அவன் உடட்டும், இது கிழக்கு. நான் மட்டும் ஏன், இது நான். பஞ்சாயத்துக்கு வந்த மாமா நடுவில் நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நாலரை இஞ்ச், ஆளுக்குச் சரிபாதி, தரையில் சாக்பீஸ் கோடு, இரண்டு முனையிலும் நூல், நான் பள்ளிக்கூடத்து மீட்டர் ஸ்கேலைக் கொண்டுவந்து அளந்தேன், அவன் தான் வேலை பார்த்த தோல் கம்பெனியிலிருந்து இரும்பு டேப்பைக் கொண்டுவந்து அளந்தான், இரண்டும் ஒத்துப்போனது, அதிலேயும் இரண்டு பேருக்கும் ஏமாற்றம். பூச்சு வேலைகூட அவரவர் பக்கம் அவரவர் ஆளை வைத்து. அன்றைக்கு ரெண்டு பேரும் கொஞ்சம் இடம் விட்டிருந்தால் அவன் இருமல் என் காதில் விழாது, என் மருமகன் என்னைக் கேட்ட கேள்வியெல்லாம் அவன் காதில் விழுந்திருக்காது, அவன் ஏசியும் இப்படி எனக்குச் சேர்த்து உழைக்காது. அவனுக்கு இது தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே தெர்மாகோலை ஒட்டி மேலே பலகையடித்துவிடுவான். போன வாரம்கூட யாரோ ஒரு ஆளிடம் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான், இந்தப் பக்கமாத்தான் எங்கியோ போவுது, கூலிங்கே நிக்கல என்று. இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகை எடுக்கவில்லை.

எங்கள் ஜனங்களில் மூத்தவனுக்கு மேற்கு, இளையவனுக்குக் கிழக்கு என்றுதான் பிரிப்பார்கள். அதன்படி இந்த வெயிலெல்லாம் அவனுக்குச் சேர வேண்டியது. சீட்டுப் போடுவோம் மாமா, அதான் நியாயம் என்று நல்ல பிள்ளை மாதிரி சொன்னான், சீட்டு அவன் பக்கம் விழுந்தது, விழுந்த அன்றிலிருந்து மத்தியானம் ஒரு மணிக்கு மேல் சூரியன் என் படுக்கையறைச் சுவரில் வந்து சாய்ந்துகொண்டு பொழுது போகும் வரை நகர்வதில்லை. மேலே தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் அதை என் தலையில் கக்குகிறது. ஏசி என்னிடமும் இருக்கிறது. ஒன்றரை டன். பதினெட்டில் வைத்துவிட்டு என் பழைய லேப் தெர்மாமீட்டரை நடுவில் தொங்கவிட்டால் முப்பத்திரண்டைக் காட்டும், கீழே இறங்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணின மாதிரி நிற்கும். மெக்கானிக் வந்தான், பேர் ஜபருல்லா, பார்த்தான், கேஸ் சரியா இருக்கு சார், பேசாம ரெண்டு டன் போட்டுடுங்க என்றான். ரெண்டு டன் இல்லடா, ரெண்டு ரயில் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்தத் தளம் இருக்கிற வரை ஒன்றும் நடக்காது, உள்ளே நீ எடுத்துப் போடுகிற வெப்பத்தைவிட மேலேயிருந்து இறங்குகிறது அதிகம், வெளியே இருக்கிற யூனிட்டைப் பார், அதுவே மேற்கு வெயிலில் தொங்கிக்கொண்டு தன் சூட்டையே கழிக்க முடியாமல் தவிக்கிறது என்று ஒரு பாடமே நடத்தினேன். அப்ப மூணு டன் சார் என்றான். தளத்துக்கு வெள்ளையடித்தேன், முதல் மழையில் போய்விட்டது. தெர்மாகோல் ஒட்டினேன், எலி கொறித்து மெத்தை மேல் பனி பெய்தது, அதாவது இந்த வீட்டில் பார்த்த ஒரே பனி அதுதான். கிழக்கோ தெருவில் நின்று பீற்றிக்கொள்கிறான், போட்ட பத்தே நிமிஷத்தில் போர்வை கேட்குதாம், என்ன கம்பெனி என்று எல்லாரும் அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். கம்பெனியா. மடையா, உன் மேற்குச் சுவர் வெயிலைப் பார்த்ததே இல்லை, அதுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருக்கிறேன், என் வீடு மொத்தமும் உனக்குக் குடை. நான் வெந்துகொண்டிருப்பதால் உனக்குப் போர்வை கேட்கிறது. குடைக்காரனுக்குக் கொஞ்சம் சில்லிப்பு கிடைத்தால் தப்பா. அமிர்தம், என் பெண்சாதி, அவளிடம் முதுகு வலி, சுவரில் சாய்ந்தால் நேராகிறது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். "கத்திரி முடிஞ்சா முதுகு வலியும் போய்டும், பாரேன்" என்றாள்.

இல்லை, இது பிரமை இல்லை. சுவர் சூடாகிறது. உட்கார்ந்த இடம் என் உடம்புச் சூட்டில் சூடாகியிருக்கும், அது இயல்பு, கொஞ்சம் நகர்ந்து உட்கார். நகர்ந்தேன். இங்கேயும் அப்படித்தான். கையை நீட்டி, முதுகு படாத இடமாகப் பார்த்து, மேலே, உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பு. கரண்ட் போயிருக்கும். என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. அவன் லைன் வேற, அவன் பக்கம் மட்டும் ஃபேஸ் போயிருக்கும், போகட்டும், கொஞ்ச நேரம் அனுபவிக்கட்டும், போர்வை கேட்ட உடம்பு. ஆனால் டிவி கத்துகிறது. நாலு பேர் உட்கார்ந்துகொண்டு ஒரே சமயத்தில் விவாதிக்கிற அந்த எழவு, சுவர் வழியாக அப்படியே வருகிறது, அப்ப கரண்ட் இருக்கிறது. ஏசி மட்டும் இல்லை. காதை வைத்துப் பார்த்தேன், ஓடும்போது சுவருக்குள்ளேயே ஒரு ம்ம்ம் இருக்கும், அது இல்லை. ஏசி ரிப்பேர். பத்தே நிமிஷமா, போர்வையா, போச்சா. எனக்குள் ஒரு குஷி கிளம்பி, கிளம்பின வேகத்திலேயே சோர்ந்துவிட்டது, அது ரிப்பேர் ஆனால் எனக்கும்தானே ரிப்பேர். ஆளைக் கூப்பிட்டானா, இல்லை. ஏசி நின்றுபோனால் கிழக்கு சும்மா இருக்கிற ஆளா. போனை எடுத்து மெக்கானிக்கைத் திட்டுகிற திட்டில் தெருநாய் எழுந்து போய்விடும், போன வருஷம் கேட்டேனே. இன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை. வெளியே போயிருப்பான், ஏசியை நிறுத்திவிட்டு டிவியை மறந்துவிட்டுப் போயிருப்பான். இந்த வெயிலில் எங்கே போவான். போக வேண்டிய இடத்துக்கே போகவில்லையே. ஆற்காட்டில் மாமா பேத்திக்கு இன்றைக்கு வளைகாப்பு, காலையிலேயே அமிர்தமும் அவன் பெண்சாதி சகுந்தலாவும் ஒரே காரில் ஏறிப் போனார்கள், மல்லிப்பூவைப் பாதிப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு, இந்த இரண்டு பெண்களுக்கும் வெட்கம் என்பதே கிடையாது, சுவர் என்று ஒன்று இருக்கிறதையே மதிப்பதில்லை. அவன் வருவான் என்று நான் போகவில்லை. நான் வருவேன் என்று அவன் போகவில்லை. ஆக அந்தப் பக்கம் அவன் ஒருத்தன், இந்தப் பக்கம் நான் ஒருத்தன்.

தூங்குகிறான். அவ்வளவுதான். குளிரடித்திருக்கும், நிறுத்திவிட்டுத் தூங்குகிறான், டிவி ஓடட்டும், பாதி ஊர் டிவி போட்டால்தான் தூங்குகிறது. ஆனால் இப்போது விளம்பரம் ஓடுகிறது. நகைக்கடை விளம்பரம், சத்தமாக, அது முடிந்து ஊறுகாய், ஊறுகாய் முடிந்து மறுபடி நகைக்கடை. கிழக்கு விளம்பரத்தைச் சத்தத்தோடு கேட்கிற ஆள் இல்லை. விளம்பரம் வந்த நொடியே டப்பென்று ஊமையாக்கிவிடுவான், அதில் ஒரு ராட்சச வேகம் அவனுக்கு, யாரோ தன்னை ஏமாற்ற வருகிற மாதிரி, எத்தனை வருஷமாக இந்தச் சுவர் வழியாகக் கேட்கிறேன், கத்தல், திடீரென்று மௌனம், இருமல், மறுபடி கத்தல். இன்றைக்கு மௌனமும் இல்லை, இருமலும் இல்லை. ஊறுகாய் மறுபடி வந்துவிட்டது. ஊமையாக்கு. ஊமையாக்கேன். தூங்குகிறவன் எப்படி ஊமையாக்குவான், வாத்தியாருக்கு மூளை இருக்கிறதா. தூங்குகிறவன் குறட்டை விடுவானே. கிழக்கின் குறட்டை சின்ன வயசிலிருந்தே பிரசித்தம், இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்த காலத்தில் மூக்கைப் பிடித்து எழுப்புவேன், எழுந்து அறைவான். மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுப்போம், தெளித்தது நான், ஈரம் அதிகமான இடத்தில் முதலில் போய் விழுவது அவன், அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு. குறட்டை இல்லை. காதை இன்னும் அழுத்தினேன், சுண்ணாம்பு காதில் ஒட்டுகிறது, என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த உடம்பு அவனுடையது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். வைத்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறான், மார்க்கெட்டுக்குப் போய் வருகிறான், கீரைக்காரியிடம் சண்டை போடுகிறான், சண்டை போடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது.

ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது. ஆனால் ஆகட்டும் என்று நான் எத்தனை தடவை நினைத்திருக்கிறேன், அதைக் கணக்கில் சேர்ப்பார்களா. தண்ணீர்க் குழாயை அவன் பக்கம் திருப்பின அன்றைக்கு நினைத்தேன். என் மகள் கல்யாணத்துக்கு வராமல் அன்றைக்குப் பார்த்து மாடிக்கு டைல்ஸ் போட ஆள் வைத்து, டங்கு டங்கென்று நாகஸ்வரத்துக்கு நடுவில் அடிக்கவைத்தானே, அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன். நினைத்தால் நடக்குமென்றால் இந்தத் தெருவில் ஒருத்தன் மிஞ்ச மாட்டான். செத்தால் எனக்குத்தான் தீட்டு. பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை, ஆனால் தீட்டு மட்டும் இந்தச் சுவரைத் தாண்டி வரும், பங்காளி, பத்து நாள் நான் உப்புச் சப்பில்லாமல் உட்கார வேண்டும், அவன் போட்டோவுக்கு முன்னால் நின்று கை கூப்ப வேண்டும், வருகிறவனெல்லாம் என்னைப் பார்ப்பான், பக்கத்து ரூம்லதான் இருந்தாராம், சத்தம் ஒண்ணும் கேக்கலியாம். கேட்டது. சத்தம் நின்றது கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் என்ன. போய்ப் பார்த்து அவன் நன்றாக உட்கார்ந்திருந்தால், கையில் மோர் டம்ளரோடு, இன்னா, என்பான். அந்த இன்னாவுக்கு என்ன பதில் சொல்வது. உன் ஏசி நின்றுவிட்டது, அதான் வந்தேன். ஓகோ, என் ஏசி நின்றது உனக்கு எப்படித் தெரியும். அவ்வளவுதான், அந்த ஒரு கேள்வியில் நான் செத்தேன். இத்தனை வருஷம் அவன் சொத்தில் முதுகு சொரிந்துகொண்டிருந்தது தெரு முழுக்கத் தெரியும், மறுநாளே தெர்மாகோல் வந்து இறங்கும். அமிர்தத்துக்கு போன் பண்ணி சகுந்தலாவை விட்டுப் பேசச் சொன்னால். ஏன் என்பாள். சும்மாதான் என்பேன். சும்மா நீ அவரைப் பத்திக் கேக்கிற ஆளா என்பாள், வளைகாப்பு வீட்டில் பத்துப் பெண்கள் நடுவில் சத்தமாக வேறு சொல்வாள். போனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்து வைத்துவிட்டேன். ஸ்டென்ட் வைத்த அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அது யாருக்கும் தெரியாது, மருந்துக் கடை வரிசையில் என் பிரஷர் மாத்திரைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நம்ம தெருவிலேயே மூணு கடை இருக்கும்போது. சகுந்தலா கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போவதைப் பார்த்தேன், நடையைப் பார்த்தேன், அழுகிற நடை இல்லை, காப்பி வாங்கப் போகிற நடை, பிழைத்துவிட்டான் என்று தெரிந்தது. வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. சுவர் இப்போது வெதுவெதுப்பு இல்லை. சூடு. என் மற்ற மூணு சுவர் மாதிரி ஆகிவிட்டது.

தட்டிப் பார்க்கலாம். தட்டினால் என்ன அர்த்தம், ஒன்றும் அர்த்தமில்லை, ஆணி அடிக்கிறேன், என் சுவர், என் பாதி. விரல் முட்டியால் தட்டினேன். நகைக்கடை. உள்ளங்கையால் அடித்தேன். அடிடா, நீயும் பதிலுக்கு அடிடா, வழக்கமாக நான் ஒரு ஆணி அடித்தால் நீ பத்து அடிப்பாயே. சொம்பை எடுத்து அடித்தேன், காரை பெயர்ந்து காலில் விழுந்தது. டிவிக்காரர்கள் மூணு மணிச் செய்தி என்றார்கள். மூணா. நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது இரண்டுகூட ஆகவில்லையே, அப்போதே சில்லிப்பு குறைந்த மாதிரி இருந்ததே, பிரமை என்று நான்தானே விட்டுவிட்டேன். சட்டையைப் போடவில்லை. செருப்பைத் தேடவில்லை. வாசல் சிமெண்டில் கால் வைத்ததும் உயிர் உச்சந்தலைக்கு ஏறியது, ஓடினேன், இந்த வயசில், வெறும் உடம்போடு, என் கேட்டைத் தாண்டி அவன் கேட்டுக்கு, நடுவில் இருப்பது பத்து அடி, அந்தப் பத்து அடியை நான் கடந்து எத்தனை காலம் ஆகிறது. கிரில் கதவைப் பிடித்து ஆட்டினேன், கம்பி கையைச் சுட்டது. என்னவென்று கூப்பிடுவது. கிழக்கு என்று கூப்பிட முடியாது. சார், வீட்ல யாரு என்று கூரியர்காரன் மாதிரி ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது, நானே அசிங்கப்பட்டேன். அப்புறம் வந்தது. "அண்ணே." கொக்கியைத் தள்ளினால் திறந்துகொண்டது, உள்கதவும் சும்மா சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள் போடாதே, நெஞ்சு வலிக்காரன் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று சகுந்தலா திட்டித் திட்டிப் பழக்கியிருக்கிறாள்.

அறை அடுப்பாக இருந்தது. குளிர் நிற்க வேண்டும் என்று ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி அடைத்து வைத்திருக்கிறான், கதவுக்கு அடியில் ரப்பர், திரைக்குப் பின்னால் இன்னொரு திரை, இப்போது உள்ளே வந்த சூடு வெளியே போக வழியில்லை. நாற்காலியில் இருந்தான், கழுத்து வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு, ரிமோட் காலடியில் விழுந்து கிடந்தது. முகம் சுண்ணாம்பு. போர்வைக்கு வெளியே தெரிந்த கையெல்லாம் தண்ணீர் கொட்டின மாதிரி வேர்த்திருந்தது, தொட்டேன், சில்லிட்டுப்போய் இருந்தது, இந்த வேலூரில் இந்த மே மாசத்தில் அப்படி ஒரு சில்லிப்பை நான் தொட்டதில்லை. கண்ணைத் திறந்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டான், தெரிந்ததும் முகம் சுளித்தது, அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"குளுருது," என்றான். "அதான் நிறுத்திட்டேன். கதவச் சாத்து."

"இன்னா பண்ணுது? நெஞ்சா?"

"கையி. எடது கையி. தாடை வரிக்கும் இழுக்குது. நீ எதுக்கு வந்த?"

"பேசாத. பேசாம உக்காரு." போன் என் கையில் இல்லை, அவன் போன் கட்டில்மேல் கிடந்தது, நூற்றெட்டைப் போட்டேன், விரல் வழுக்கி இரண்டு தடவை தப்பாக விழுந்தது. டிவியை அணைக்கத் தெரியாமல் வயரைப் பிடுங்கினேன். எடுத்தது ஒரு பெண், நிதானமான குரல், ஊர், தெரு, கதவு நம்பர் எல்லாம் கேட்டாள், பழைய நம்பரைச் சொல்லிவிட்டுப் பிறகு கிழக்குப் பாகம் என்றேன், என்ன சார் என்றாள், ஒண்ணுமில்லம்மா, ரெண்டு கேட் இருக்கும், முதல் கேட் என்றேன். வயசு சொன்னேன். ஸ்டென்ட் வைத்ததைச் சொன்னேன், எந்த மாசம் என்பதுகூட என் வாயில் தானாக வந்தது, அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். வண்டி கிளம்பிடுச்சு சார், படுக்க வைக்காதீங்க, சாய்ஞ்ச மாதிரி உக்கார வைங்க, என்றாள். அப்புறம் கேட்டாள்.

"வலி எப்போ ஆரம்பிச்சுது சார்? எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு? டாக்டருக்கு அதுதான் முக்கியம், கரெக்டா சொல்லுங்க."

இப்பத்தாம்மா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நாக்கு நுனியில் இருந்தது. நான் இப்பத்தான் வந்தேன், பக்கத்து வீடு, எனக்கு என்ன தெரியும், எல்லாம் உண்மை மாதிரியே வரிசையாக நின்றது. "உனக்கு எப்போலேர்ந்து வலி?" என்று அவனைக் கேட்டேன், போனைப் பொத்திக்கொண்டு, ஏதோ அவன்தான் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி. மூச்சை இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் சிரிக்கிற மாதிரி உதட்டைக் கோணினான். அதே பழைய கோணல்தான்.

"என்ன ஏன் கேக்கற?" என்றான். "தெனம் செவுத்துலதான ஒட்டிகினு கீற. வலி வந்ததுந்தான் ஏசிய நிறுத்துனேன். எப்போ நின்னுச்சு, உனுக்குத்தான் தெரியும். நீயே சொல்லு."

சார், லைன்ல இருக்கீங்களா என்றாள் அந்தப் பெண். இருந்தேன். அவன் கை என் கைக்குள் இருந்தது, எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

"ஒரு மணி நேரத்துக்கு மேலம்மா," என்றேன். "எனக்குத் தெரியும்."